கருப்பு வெள்ளையில் ஒரு மினிமலிச ஓவியம்: முதல் கேன்வாஸுக்கான முழு வழிகாட்டி

இரண்டு வண்ணம், மூன்று நான்கு வடிவம். பார்த்தால் ஒரு மணி நேர வேலை போலத் தெரியும். உட்கார்ந்தால் ஒரு வாரம் இழுக்கும். அந்த வாரத்தில் பிரஷ் கையில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் வெட்டுவது, நகர்த்துவது, தேய்ப்பது, காயக் காத்திருப்பது.

புதிதாகக் கற்கிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கருப்பில் அல்ல, வெள்ளையில். கருப்பை மட்டும் வரைகிறார்கள். மீதி இருப்பதுதான் வெள்ளை என்று விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அந்தப் பழக்கத்தை உடைப்பதற்காகவே அமைந்தது. இதில் வெள்ளையை முதலிலும் பூசுவோம், கடைசியிலும் பூசுவோம். அக்ரிலிக் வண்ணம், 24×24 அங்குல கேன்வாஸ், கூர்மையான விளிம்புள்ள வடிவங்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிரஷ் வீச்சு தெரிய வேண்டும் என்பவர்களுக்கு வரிசை மாறும். அது 11-வது பகுதியில்.

1. அளவும் வடிவமும் முதலில்

சதுரத்தில் தொடங்குங்கள். அகலவாட்டில் நீண்ட கேன்வாஸில் ஒரு கிடைக்கோடு விழுந்தாலே அது கடலும் வானமும் ஆகிவிடும். உயரவாட்டில் வைத்தால் நடுவில் இருப்பது யாரோ நிற்பது போலத் தோன்றும். சதுரம் எந்தக் கதையையும் முன்கூட்டியே சொல்வதில்லை. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரைமன் ஏறக்குறைய வாழ்நாள் முழுக்கச் சதுரத்திலேயே வேலை செய்தார். இன்னொரு ஓவியரான அக்னஸ் மார்ட்டின் பல ஆண்டுகள் 72 அங்குலச் சதுரத்தை விட்டு நகரவில்லை.

8×10 அங்குலம் வேண்டாம். அவ்வளவு சிறியதில் ஒரு மில்லிமீட்டர் கோணலும் பெரிதாகத் தெரியும். படமும் வாழ்த்து அட்டை போல ஆகிவிடும். 36 அங்குலத்துக்கு மேலும் இப்போது வேண்டாம். பெரிய பரப்பில் ஒரு மூலையைச் சமன்செய்வதற்குள் மறுமூலை காய்ந்துவிடும்.

கேன்வாஸின் பக்கவாட்டுக்கும் இப்போதே பதில் சொல்லுங்கள். ஒன்றரை அங்குல ஆழச் சட்டம் என்றால், முன்பக்கத்தில் விளிம்பைத் தொடும் கருப்பு பக்கத்திலும் திரும்பிப் போகுமா, வெள்ளையாக நிற்குமா? கடைசியில் யோசித்தால் இரண்டுமே ஒட்டுப்போட்டது போல இருக்கும்.

2. வாங்க வேண்டியவை

கேன்வாஸைக் கடையிலேயே தரையில் வைத்துப் பாருங்கள். நான்கு மூலையும் தரையைத் தொட வேண்டும். முறுக்கிய சட்டத்தை வண்ணக் களேபரமான படம் மறைத்துவிடும். நேர்கோட்டுப் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளையில் டைட்டானியம் ஒயிட் மட்டும். டியூபின் பின்பக்கம் நிறமிக் குறியீடு பி.டபிள்யூ. 6 என்று இருக்க வேண்டும். பி.டபிள்யூ. 4 என்றால் அது ஜிங்க் ஒயிட். அது அடியில் இருப்பதை மறைக்காது; சாம்பல் கலக்க நல்லது, பரப்பை மூட உதவாது.

கருப்பில் மார்ஸ் பிளாக், குறியீடு பி.பி.கே. 11. இரும்பு ஆக்சைடு என்பதால் நன்றாக மூடும். ஐவரி பிளாக் இன்று எலும்புக் கரியிலிருந்து வருவது. சற்றே ஒளி ஊடுருவும், மெல்லிய பழுப்புச் சாயல் உண்டு. அதுவும் அழகுதான், ஆனால் கூடுதல் கோட் கேட்கும். எதை வாங்கினாலும் ஒரு படத்துக்கு ஒரே கருப்பு. இரண்டு கருப்பு அருகருகே வந்தால் ஒன்று அழுக்காகத் தெரியும்.

வெள்ளை, கருப்பைப் போல இரண்டு மடங்காவது வாங்குங்கள். எல்லோரும் தலைகீழாக வாங்கி, நடுவில் கடைக்கு ஓடுகிறார்கள்.

இவற்றோடு ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் கேன்வாஸில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு), வண்ணத்தோடு கலக்கும் பளபளப்பில்லாத மேட் மீடியம், ஓவியர்களும் சுவர் பெயிண்டர்களும் பயன்படுத்தும் நீல மாஸ்கிங் டேப், 220 மற்றும் 400 எண் உப்புத்தாள், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், ஸ்டீல் ஸ்கேல், கட்டர், கருப்பு வெள்ளை சார்ட் பேப்பர். பழுப்பு நிற மலிவு டேப் வெயிலில் பசையைக் கேன்வாஸிலேயே விட்டுவிட்டு வரும், அதைத் தவிருங்கள்.

பென்சில் 2எச். 2பி போன்ற மென்மையான பென்சிலின் கரி, வெள்ளைப் பூச்சில் கரைந்து சாம்பல் கோடாகப் படரும்.

பிரஷ்ஷில் இரண்டு அங்குலமும் ஒரு அங்குலமும் அகலமுள்ள தட்டையான சிந்தெடிக், ஒவ்வொன்றிலும் இரண்டு. இரண்டு எதற்கு என்றால், வெள்ளைக்குத் தனி, கருப்புக்குத் தனி. தண்ணீர்க் குவளையும் அப்படியே, துடைக்கும் துணியும் அப்படியே. எவ்வளவு கழுவினாலும் பிரஷ்ஷின் வேரில் கருப்பு தங்கியிருக்கும். வெள்ளை பூசும்போது மூன்றாவது இழுப்பில் இறங்கி வரும்.

3. தாளை வெட்டி நகர்த்துங்கள்

கேன்வாஸைச் சுவரோரமாக வைத்துவிடுங்கள். முதல் நாள் அதற்கு வேலை இல்லை.

வெள்ளை சார்ட்டில் 6×6 அங்குலச் சதுரங்கள் சில வெட்டிக்கொள்ளுங்கள். கருப்பு சார்ட்டைக் கத்தரிக்கோலால் நேரடியாக வெட்டுங்கள், பென்சிலால் வரையாமல். பென்சில் பிடித்தால் மனம் கோட்டைத்தான் யோசிக்கும். கோட்டுக்கு உள்ளே என்ன, வெளியே என்ன என்பதை மறந்துவிடும். கத்தரிக்கோல் வடிவத்தை மட்டுமே தரும். வெட்டி எறிந்த துண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பல நேரம் நாம் வெட்டியதைவிட மிச்சம் விழுந்தது நன்றாக இருக்கும்.

ஒட்டாமல் நகர்த்துங்கள். ஒவ்வொரு அமைப்பையும் போனில் படம் எடுத்துவிட்டுக் கலைத்துவிடுங்கள். இருபது அமைப்பாவது வேண்டும். முதல் ஏழெட்டு எங்கேயோ பார்த்ததாக இருக்கும். அவை தீர்ந்த பிறகுதான் கை வேறு இடத்துக்குப் போகும்.

முதலில் ஒரே ஒரு கருப்பு வடிவத்தை வைத்துப் பாருங்கள். அதை நடுவில், ஒரு விளிம்பைத் தொட்டு, இரண்டு விளிம்புகளைத் தாண்டி வெளியே ஓடுவதாக. விளிம்பைத் தாண்டிய கணத்தில் வெள்ளை இரண்டாகப் பிரிந்து, அதற்கே ஒரு வடிவம் வந்துவிடுவதைப் பார்ப்பீர்கள். இந்த வேலையின் மையம் அதுதான். வெள்ளைத் துண்டு ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள். அதைக் கருப்பில் வெட்டி வைத்தால் அழகாக இருக்குமா? இல்லை என்றால் அமைப்பு இன்னும் தேறவில்லை.

கருப்பும் வெள்ளையும் பாதிக்குப் பாதி வேண்டாம். எது தரை, எது அதன் மேல் நிற்பது என்று கண் முடிவுசெய்ய முடியாமல் அலையும். அந்த அலைச்சலே வேண்டும் என்றால் சரி. தெரியாமல் வந்துவிடக் கூடாது. எழுபதுக்கு முப்பதில் தொடங்கி, எண்பதுக்கு இருபது வரை போய்ப் பாருங்கள்.

மூலை ஒன்று இன்னொன்றின் விளிம்பை முத்தமிடுவது போல் லேசாகத் தொட்டு நிற்க விடாதீர்கள். கண் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒன்று தெளிவாக மேலேறட்டும், இல்லை தெளிவாக விலகட்டும்.

பிறகு நிறத்தைப் புரட்டுங்கள்: கருப்புத் தாளின் மேல் வெள்ளை வடிவம். ஒரே அளவில் வெட்டியிருந்தாலும் கருப்பின் மேல் உள்ள வெள்ளை பெரிதாகத் தெரியும். வெளிச்சமானது கண்ணுக்கு எப்போதும் சற்று வீங்கித்தான் தோன்றும். ஆகவே இரண்டும் ஒரே அளவாகத் தெரிய வேண்டிய படத்தில் வெள்ளையைக் கொஞ்சம் சிறிதாக வெட்ட வேண்டும்.

இவ்வளவு திட்டமிட்டால் உயிர் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க ஓவியர் பிரான்ஸ் கிளைனின் ராட்சதக் கருப்பு வீச்சுகள் ஒரே மூச்சில் வந்தவை போலத் தெரியும். அவர் பழைய டெலிபோன் டைரக்டரித் தாள்களில் சின்னச் சின்ன வரைவுகள் போட்டு, அவற்றில் தேறியதைப் பெரிதாக்கியவர். வெள்ளையையும் கருப்பின் மேல் ஏற்றி ஏற்றியே பூசினார்.

4. வேண்டாத உருவங்களைத் துரத்துங்கள்

பிடித்த அமைப்புகளில் மூன்றை மட்டும் ஒட்டுங்கள். ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். போனில் இடவலமாகப் புரட்டிப் பாருங்கள். அறையின் மறுகோடியில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் கண்ணுக்குத் தெரியாதது அடுத்தவர் கண்ணுக்குப் பட்டென்று தெரியும். கருப்பின் மேல் கிடையாக மூன்று வெள்ளைப் பட்டை போட்டால் நம் ஊரில் அது விபூதி. நெட்டாகப் போட்டால் நாமம். நான்கு பக்கமும் கருப்புக் கரை கட்டினால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வளைந்த வடிவத்துக்கு மேலே தனியாக ஒரு வட்டம் வைத்தால் புள்ளி வைத்த எழுத்தாகிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டம் என்றால் கண்கள்; எந்த ஊரிலும் தப்ப முடியாது.

வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு நொடி மட்டும் காட்டி, "என்ன தெரியுது?" என்று கேளுங்கள். ஒரு பொருளின் பெயரைச் சொன்னால் மாற்றுங்கள். "என்னமோ கருப்பா சாஞ்சு நிக்குது" என்றால் அந்த அமைப்பு பிழைத்தது. விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள், சோதனை கெட்டுவிடும்.

5. கேன்வாஸைத் தயார்செய்தல்

கடையில் வரும் கேன்வாஸில் ஏற்கெனவே ஜெஸ்ஸோ பூசியிருப்பார்கள், ஆனால் மெல்லிசாக. நெசவின் மேடுபள்ளம் அப்படியே இருக்கும். டேப் ஒட்டினால் அந்தப் பள்ளங்கள் வழியாகக் கருப்பு உள்ளே கசியும். அதனால்தான் இந்தப் படி.

இன்னும் இரண்டு கோட் ஜெஸ்ஸோ. முதல் கோட் இடவலமாக, காய்ந்ததும் 220 தாளால் லேசாகத் தேய்த்து, இரண்டாவது கோட் மேல்கீழாக. கடைசியாக 400 தாள். உள்ளங்கையால் தடவினால் துணி என்று தோன்றாத அளவு போதும். தூசியை ஈரத்துணியால் துடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். தூசி மேல் பூசிய வண்ணம் டேப்போடு உரிந்து வரும். தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள். பக்கவாட்டையும் மறக்க வேண்டாம்.

அக்ரிலிக் காய்வது நீர் ஆவியாவதால். மழைக்காலத்தில் தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த மாதங்களில் எல்லாக் காத்திருப்பையும் இரட்டிப்பாக்குங்கள்.

6. வெள்ளை, முதல் சுற்று

ஜெஸ்ஸோவே வெள்ளைதானே, மேலே எதற்கு வெள்ளை? ஜெஸ்ஸோ சுண்ணாம்பு போன்ற மங்கல் வெள்ளை. கருப்பு பூசிய பிறகு எங்காவது திருத்த வேண்டி வரும். அப்போது டைட்டானியம் ஒயிட்டைத் தொட்டால் அந்த இடம் மட்டும் வேறு வெள்ளையாக ஒட்டுப்போட்டது போல நிற்கும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் பத்தாவது படியில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

ஒரு மூடியுள்ள டப்பாவில் டைட்டானியம் ஒயிட் மூன்று பங்கு, மேட் மீடியம் ஒரு பங்கு, மோர் பதம் வரும்வரை கொஞ்சம் தண்ணீர். படத்துக்குத் தேவையான மொத்தத்தையும் இப்போதே கலந்துவிடுங்கள். குளிர்ந்த வெள்ளை பிடிக்காது என்றால் ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணம் ஒரு சொட்டு சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் மறுபடி அதே சாயலைக் கலப்பது மிகக் கடினம், ஆகவே டப்பாவைப் பத்திரமாக மூடி வையுங்கள்.

மெல்லிய மூன்று கோட். ஒன்று இடவலம், ஒன்று மேல்கீழ், கடைசி கோட் முழுக்க ஒரே திசை. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அது தூசியையும் கொண்டுவரும், பாதியிலேயே காயவும் வைக்கும். பாதி காய்ந்த இடத்தை மறுபடி தொட்டால் வண்ணம் சுருண்டு இழுக்கும். ஏதாவது விட்டுப்போயிருந்தால் விட்டுவிடுங்கள், அடுத்த கோட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி கோட்டுக்குப் பிறகு ஒரு முழு நாள் காத்திருங்கள். புதுப் பூச்சின் மேல் டேப் ஒட்டினால் எடுக்கும்போது பூச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும்.

7. பெரிதாக்குதல்: எல்லோரும் தாண்டிப் போகும் படி

6 அங்குல அட்டையிலிருந்து 24 அங்குலத்துக்கு நான்கு மடங்கு. கணக்கு எளிது, கண்ணுக்கு எளிதல்ல. அட்டையில் இரண்டு மில்லிமீட்டர் இருந்த வெள்ளைக் கீற்று இங்கே எட்டு மில்லிமீட்டர். அங்கே கூர்மையாக இருந்தது இங்கே சோம்பலாகத் தெரியலாம்.

எனவே கருப்பு சார்ட்டை முழு அளவில் வெட்டி, டேப் துண்டுகளால் கேன்வாஸில் தற்காலிகமாக ஒட்டி, சுவரில் நிறுத்திப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒரு இரவு அப்படியே விடுங்கள். காலையில் போய்வரும்போது ஓரக்கண்ணில் உறுத்துவது எது என்று தெரிந்துவிடும். அனேகமாகக் கருப்பைச் சிறிது குறைக்க வேண்டியிருக்கும். தாளை வெட்ட ஒரு நிமிடம். வண்ணத்தைத் திருத்த இரண்டு நாள்.

முடிவானதும் வடிவத்தின் முனைகளில் மட்டும் 2எச் பென்சிலால் சிறு புள்ளி வையுங்கள். முழுக் கோடு போட வேண்டாம்.

8. டேப்

புள்ளியிலிருந்து புள்ளிக்கு டேப்பை ஒரே நீளமாக ஒட்டுங்கள். இழுத்து நீட்டி ஒட்டினால் சிறிது நேரத்தில் சுருங்கி, முனையில் தூக்கும். டேப் இருப்பது வெள்ளையாக நிற்க வேண்டிய பக்கத்தில் என்பதை ஒருமுறை சரிபாருங்கள். அவசரத்தில் மாற்றி ஒட்டுவது சகஜம். பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் டேப்பின் ஓரத்தை அழுத்தித் தேயுங்கள்.

இப்போது முக்கியமானது: டேப்பின் ஓரத்தில் முதலில் பூச வேண்டியது கருப்பு அல்ல, டேப்புக்கு அடியில் இருக்கும் அதே வெள்ளை. டப்பாவிலிருந்து மெல்லிசாக ஒரு இழுப்பு. கசிவதற்கு இடைவெளி இருந்தால் வெள்ளையே கசிந்து அந்த இடைவெளியை அடைத்துவிடும். வெள்ளை மேல் வெள்ளை கசிந்தால் யாருக்கும் தெரியாது. அது காய்ந்த பிறகு பூசும் கருப்புக்கு உள்ளே போக வழி இருக்காது.

டேப்பே வேண்டாம், அந்த அறுத்துவைத்த விளிம்பு எனக்குப் பிடிக்காது என்றால் அதற்கும் வழி உண்டு. அமெரிக்க ஓவியர் பிராங்க் ஸ்டெல்லா 1958 முதல் 1960 வரை வரைந்த கருப்புப் படங்களில் வீட்டுக்குப் பூசும் எனாமலையும் சுவர் பெயிண்டர் பிரஷ்ஷையும் கொண்டு, பட்டைகளுக்கு இடையே பூசாத கேன்வாஸ் கீற்றுகளை விட்டுக்கொண்டே போனார். கிட்டத்தில் பார்த்தால் விளிம்பு லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் படம் முழுக்க ஒரே மாதிரி வந்தால் நன்றாக இருக்கும். ஒரு மூலையில் மட்டும் வந்தால் கை தவறியதாகத் தெரியும்.

9. கருப்பு

பிரஷ்ஷை டேப்பின் மேல் வைத்து, அங்கிருந்து வடிவத்தின் உட்பக்கமாக இழுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் வண்ணத்தை நாமே டேப்புக்கு அடியில் ஊட்டுகிறோம். இரண்டு அல்லது மூன்று மெல்லிய கோட். தடித்துப் பூசினால் டேப் எடுத்த பிறகு விளிம்பில் வரப்பு போல் ஒரு மேடு நிற்கும்.

ஈரமான அக்ரிலிக் கருப்பு சற்றே சாம்பலாகத் தெரியும். அதன் பிசின் ஈரத்தில் பால் போல இருந்து, காய்ந்ததும் தெளிவதுதான் காரணம். "கருப்பு போதவில்லை" என்று ஈரத்தின் மேலேயே இன்னும் இன்னும் பூசுவது வழக்கமான தவறு. காயட்டும், தானாகக் கருக்கும்.

பிரஷ் போகும் திசையையும் முன்பே முடிவுசெய்யுங்கள். கருப்பில் நிற வேறுபாடு இல்லாததால், பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம் பிரஷ் தடங்களை அப்படியே எடுத்துக்காட்டும். பாதி இடவலமும் பாதி மேல்கீழுமாகப் பூசினால் பகலில் ஒரு கருப்பு வடிவம் இரண்டாகத் தெரியும். 1979-இலிருந்து பிரெஞ்சு ஓவியர் பியர் சுலாஜ் இதையே தன் படங்களின் பொருளாக எடுத்துக்கொண்டார்: முழுக்கக் கருப்பு, தடங்களின் மேல் விழும் ஒளி மட்டுமே படம். நமக்கு அவ்வளவு வேண்டாம். எல்லா இழுப்பும் ஒரே திசையில், ஓரத்திலிருந்து ஓரம் வரை, நடுவில் நிறுத்தாமல்.

கடைசி கோட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் டேப்பை எடுங்கள். மறுநாள் வரை விட்டால் பூச்சு டேப்பின் மேல் ஒரே தோலாகப் படிந்து, எடுக்கும்போது கிழியும். டேப்பை அதன் மேலேயே மடித்து, சாய்வாக, மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் விளிம்பு பல்பல்லாக வரும்.

10. வெள்ளை, இரண்டாம் சுற்று

டேப் எடுத்த பிறகு முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை. படத்தைச் சுவரில் நிறுத்தி, வெள்ளை வடிவங்களை மட்டும் பாருங்கள். எந்த வெள்ளை நசுங்கியிருக்கிறது? எது தளர்ந்து கிடக்கிறது? இங்கே கருப்பை வெள்ளையால் வெட்டித்தான் திருத்த வேண்டும்.

ஒரு நாள் காய்ந்த கருப்பின் மேல் டேப் ஒட்டி, இந்த முறை ஓரத்தைக் கருப்பால் அடைத்து, அதன்பின் வெள்ளை பூசுங்கள். பூசுவதற்கு முன் அந்த இடத்தின் கருப்பை 400 தாளால் தேய்த்து மேட்டைக் குறையுங்கள். இல்லாவிட்டால் பழைய விளிம்பு வெள்ளைக்கு அடியில் தழும்பாகத் தெரியும்.

கருப்பின் மேல் மெல்லிய வெள்ளை நீலச் சாயலாகத் தோன்றும். டியூபில் கோளாறு என்று நினைக்காதீர்கள். அரைகுறையாக மூடிய வெள்ளை, அடியில் கருப்பு இருக்கும்போது ஒளியைச் சிதறடிக்கும் விதம் அது. முதல் இரண்டு கோட் ஜெஸ்ஸோ, அதன்மேல் டப்பா வெள்ளை மூன்று கோட் என்று போனால் நீலம் மறையும். ஒவ்வொரு கோட்டும் முழுதாகக் காய வேண்டும்.

தெறித்த கருப்புப் புள்ளி ஈரமாக இருந்தால் ஈரப் பஞ்சால் உருட்டி எடுங்கள், தேய்க்காதீர்கள். காய்ந்துவிட்டால் 400 தாளால் உரசி, மேலே வெள்ளை. புள்ளி இருந்த இடத்தில் மட்டும் பூசாமல், பக்கத்து விளிம்பு வரை அந்த வெள்ளைப் பரப்பு முழுவதற்கும் ஒரு கோட் கொடுங்கள். பகுதித் திருத்தம் பக்கவெளிச்சத்தில் எப்போதும் தெரியும்.

11. பிரஷ் வீச்சு வேண்டும் என்றால்

இங்கே வரிசை வேறு. 6-வது படிவரை அதே. பிறகு டேப் கிடையாது.

கேன்வாஸைத் தரையில் படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் வண்ணம் வழியும். மூன்று அல்லது நான்கு அங்குலச் சுவர் பிரஷ். புதிய பிரஷ் என்றால் முதலில் உள்ளங்கையில் அடித்து உதிரும் முடிகளை எடுத்துவிடுங்கள். கருப்பு வீச்சின் நடுவில் ஒரு முடி கிடந்தால் கண் அங்கேதான் போகும். செய்தித்தாளைக் கேன்வாஸ் அளவுக்கு ஒட்டி, அதில் அதே வீச்சைப் பழகுங்கள். மணிக்கட்டிலிருந்து வந்தால் வளைவு சிறுத்துப் பயந்தது போல வரும். அசைவு தோளிலிருந்து வர வேண்டும், அதனால்தான் நின்றுகொண்டு செய்கிறோம்.

வீச்சு முடிந்ததும் கையை எடுங்கள். "இந்த ஓரம் மட்டும்" என்று மறுபடி தொட்டவர் யாரும் அந்த ஓரத்தோடு நின்றதில்லை. சரியில்லை என்றால் காய விட்டு, வெள்ளையால் வெட்டுங்கள்.

சாம்பல் வேண்டும் என்றால் கலக்காமலேயே வரவழைக்கலாம். பன்றிமுடி பிரஷ்ஷில் கருப்பைத் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, படுக்கையாக இழுத்தால் கேன்வாஸின் மேடுகளில் மட்டும் கருப்பு பிடிக்கும். இதற்கு நெசவு தெரிய வேண்டும். ஆகவே 5-வது படியில் தேய்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வீச்சும் வேண்டாம், வடிவமும் வேண்டாம், மெல்லிய கோடுதான் பிடிக்கும் என்பவர்கள் கேன்வாஸை விட்டுவிடலாம். நெசவின் மேல் பேனா துள்ளும். வடோதராவில் ஓவிய ஆசிரியராக இருந்த நஸ்ரீன் மொகமதி மையும் பென்சிலும் கொண்டு கோடுகளை வரைந்தது தாளில்தான். வழவழப்பான கனத்த தாள், கருப்பு மை, ஸ்கேல் போதும்.

12. வார்னிஷ், படம் எடுத்தல், பாதுகாத்தல்

பளபளப்பில்லாத கருப்பு, தொட்டால் தடம் பிடிக்கும். அமெரிக்க ஓவியர் ஆட் ரைன்ஹார்ட் தன் கருப்புப் படங்களில் எண்ணெயை வடித்தெடுத்து முற்றிலும் மங்கலாகப் பூசினார். விரல் பட்டாலே தழும்பாகும் அளவுக்கு அவை மென்மையானவை. எனவே யார் கைக்கும் எட்டும் இடத்தில் மாட்டப் போகிறீர்கள் என்றால் வார்னிஷ் தேவை.

ஆனால் மேட் வார்னிஷ்தான் நல்ல கருப்புகளைக் கெடுக்கிறது. அதில் பளபளப்பைக் குறைக்க ஒரு வெண்பொடி கலந்திருக்கும். அது டப்பாவின் அடியில் படியும். கலக்காமல் ஊற்றினாலும் தடித்துப் பூசினாலும் கருப்பின் மேல் மேகம் போல் வெளுக்கும். குலுக்கினால் குமிழி வரும்; குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். இரண்டு வாரம் காய்ந்த பிறகு, படத்தைப் படுக்க வைத்து, மெல்லிசாக இரண்டு கோட். அதற்கு முன் கருப்பு பூசிய ஒரு அட்டையில் சோதனை. என் விருப்பத்தைக் கேட்டால், அரைப் பளபளப்பான சாட்டின் வார்னிஷ். கருப்பு ஆழமாகவும் இருக்கும், முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் ஆகாது.

போனில் படம் எடுத்தால் வெள்ளை சாம்பலாக வரும். கேமரா எதைப் பார்த்தாலும் சராசரிச் சாம்பலாக்கத்தான் முயலும். வெள்ளை அதிகமுள்ள படத்துக்கு வெளிச்ச அளவைக் கையால் ஏற்றுங்கள், கருப்பு அதிகமுள்ளதற்கு இறக்குங்கள். ஜன்னலுக்கு நேரெதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால் கருப்பில் ஜன்னல் தெரியாது.

எடுத்து வைக்கும்போது இரண்டு படங்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்காதீர்கள். வெயில் காலத்தில் அக்ரிலிக் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் வெள்ளையில் கருப்பும் கருப்பில் வெள்ளையும் உரிந்து வரும். குமிழி பிளாஸ்டிக்கை நேரடியாகச் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் விழும். சிலிகான் பூசிய பேக்கிங் தாளை முன்பக்கம் வைத்து, அதன் மேல் அட்டை, அதற்கு வெளியே பிளாஸ்டிக். அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.